விக்கியில் தொழில்நுட்பக் கையேடு: வாளையாருக்கு இருபுறமிருந்தும் வரும் கேள்விகள்

தமிழக-கேரள எல்லையான வாளையாரைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கும் கஞ்சிக்கோட்டில் விவசாயப் பம்புசெட்டுகள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் பழுதுபார்க்கும் கையேடுகளை எழுதுவது என் வேலை. வீடு கொழிஞ்சாம்பாறையில். எங்கள் மெக்கானிக்குகளில் பாதிப் பேர் பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்துத் தமிழர்கள். மீதிப் பேர் பாலக்காடு, சித்தூர்ப் பக்கம். சித்தூரிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு விக்கியைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தொடங்க விரும்பும் பட்டறைக்காரர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விக்கி என்றால் விக்கிப்பீடியாதானே? அதற்கும் பம்புசெட்டுக்கும் என்ன தொடர்பு?

படிப்பவர்களே திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்புக்கு விக்கி என்று பெயர். விக்கிப்பீடியா ஒரு விக்கி. ஆனால் விக்கி அதைவிட மூத்தது. வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க மென்பொருளாளர் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை வெளியிட்டார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. மென்பொருளாளர்கள் தங்கள் தொழிலில் கண்ட நல்ல வழிமுறைகளைச் சேர்ந்து எழுதிவைக்கத்தான் அதை உருவாக்கினார். விக்கிப்பீடியா பிறந்தது அதற்குப் பின், 2001 ஜனவரியில்.

ஆகவே தொழில் செய்பவர்கள் தங்கள் தொழிலறிவைச் சேர்ந்து எழுதுவதுதான் விக்கியின் பிறவிப் பயன். பம்புசெட்டுக்கு அதைக் கொண்டுவந்தால், பிறந்த வீட்டுக்கே அழைத்து வந்த மாதிரி.

வேர்டு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்திக்கொள்கிறோம். அது போதாதா?

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் இணைப்பைத் துண்டிப்பது ஓவர்லோடு ரிலே. ஸ்டார்-டெல்டா வகை ஸ்டார்ட்டரில் அந்த ரிலே இருக்கும் இடத்தைப் பொறுத்து அதில் வைக்க வேண்டிய அளவு மாறும். ரிலே லைனில் இருந்தால், மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரையே வைக்கலாம். டெல்டா சுற்றுக்குள் இருந்தால் அதில் 58 சதவீதம்தான் வைக்க வேண்டும். பலகையில் 15 ஆம்பியர் என்றால் ரிலேயில் 8.7. எங்கள் பழைய ஸ்டார்ட்டர் முதல் வகை, புதியது இரண்டாம் வகை. கையேட்டைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பினேன். ஆனால் ஒரு மெக்கானிக்கின் தொலைபேசியில் பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே பெயரில் இருந்தன. தோப்பில் நின்றுகொண்டு அவர் திறந்தது பழையதை. ரிலேயை 15-க்கு வைத்துவிட்டு வந்தார். சில வாரங்களில் மோட்டார் அதிகச் சுமையில் சூடேறியது. ரிலே தூங்கிக்கொண்டிருந்தது, வைண்டிங் எரிந்துபோனது. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணை வழியாக வராத மாதம் அது. அந்தத் தென்னந்தோப்புக்கு அந்த ஒரு ஆழ்துளைக் கிணறுதான் கதி.

மெக்கானிக்கின் மேல் குற்றமில்லை. ஒரே உண்மைக்குப் பல பிரதிகளை ஊரெங்கும் உலவவிட்டது நான். விக்கியில் அந்த அளவு ஒரே ஒரு பக்கத்தில் இருக்கிறது. எந்தத் தோப்பில் நின்று திறந்தாலும் இன்றைய பக்கம்தான் திறக்கும். விக்கிக்கு மாறுவதற்கு எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் தவறு நுழைந்துவிடாதா?

நுழையும். வேர்டு கோப்பிலும் நுழையும். வேறுபாடு என்னவென்றால், விக்கியில் நுழைந்த தவறுக்குத் தடம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாறு' உண்டு: யார், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்று வரிவரியாகப் பார்க்கலாம். பிடிக்காத மாற்றத்தை ஒரே சொடுக்கில் மீளமைக்கலாம்.

இது தானாக வேலை செய்யாது. சில ஏற்பாடுகள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். 'சர்வீஸ்' என்ற பொதுப் பெயரில் பத்துப் பேர் நுழைந்தால் வரலாறு இருந்தும் பயனில்லை. திருத்தியவர் ஏன் திருத்தினார் என்பதைச் சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதப் பழக்குங்கள். 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் தினமும் ஒருவர் படிக்க வேண்டும். நான் காலையில் டீ ஆறுவதற்குள் படித்துவிடுகிறேன். ஒருநாள் விட்டால் இரண்டு நாள் வேலை சேரும்.

எல்லாப் பக்கங்களையும் திறந்து வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மின் பாதுகாப்பு, ரிலே அளவுகள், எர்த் இணைப்பு ஆகிய பக்கங்களை நாங்கள் பூட்டி வைத்திருக்கிறோம். அங்கே மாற்ற நினைப்பவர், அந்தப் பக்கத்தைப் பற்றி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதுவார். பொறியாளர் பார்த்து அதே நாளில் பதில் சொல்ல வேண்டும். "அதே நாளில்" என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. பூட்டிய பக்கத்தின் கதவைத் தட்டியவருக்கு ஒரு வாரம் பதில் வரவில்லை என்றால் அவர் மறுபடி தட்ட மாட்டார். அடுத்த முறை தவறைக் கண்டாலும் பேசாமல் போய்விடுவார். பூட்டாத பக்கத்தில் நுழையும் பிழையைவிட அந்த மௌனம்தான் எனக்கு அச்சம்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திருத்தினால்?

மென்பொருளைப் பொறுத்தது. மீடியாவிக்கியில் இருவரும் வெவ்வேறு பத்திகளைத் தொட்டிருந்தால் அதுவே இரண்டையும் இணைத்துவிடும். ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் இரண்டாவதாகச் சேமிப்பவரிடம் காட்டிக் கேட்கும். டோக்குவிக்கியில் ஒருவர் திறந்ததும் பக்கம் மற்றவருக்குப் பூட்டப்படும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் பதினைந்து நிமிடம். சிறு குழுவில் இது பெரிய தொல்லையாக இருப்பதில்லை.

எந்த மென்பொருளை நிறுவலாம்?

பெரும்பாலோருக்கு நான் சொல்வது டோக்குவிக்கி. 2004-இல் ஆண்ட்ரியாஸ் கோர் எழுதியது. கட்டணமில்லை. தரவுத்தளம் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்தால் காப்புப் பிரதி ஆயிற்று. நாளை டோக்குவிக்கியே இல்லாமல் போனாலும் உங்கள் எழுத்து எந்தக் கணினியிலும் திறக்கும். யார் எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதையும் பிரித்துக் கொடுக்க முடியும்.

மீடியாவிக்கி விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள். அதற்கும் கட்டணமில்லை. திரையில் வரும் பொத்தான்களும் குறிப்புகளும் நல்ல தமிழில் கிடைக்கின்றன. பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் உழைத்துச் செய்த மொழிபெயர்ப்பு அது. ஒருமுறை எழுதிப் பல பக்கங்களில் அழைத்துக் காட்டும் பகுதிகளுக்கு வார்ப்புரு என்று பெயர்; வார்ப்புருக்களின் வலிமையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் தரவுத்தளத்தைப் பராமரிக்க ஒருவர் வேண்டும். சில பக்கங்களைச் சிலருக்கு மட்டும் மறைத்து வைக்க அது ஏற்றதல்ல; அதற்காக அது உருவாக்கப்படவில்லை என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். வணிக விலைப் பட்டியலை அதில் வைக்காதீர்கள்.

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கான்ஃப்ளுயன்ஸ் என்ற கட்டணச் சேவையைப் பயன்படுத்துகின்றன. அங்கே வேலைக்குப் போகும் மாணவர்கள் அதைப் பழகிக்கொள்ளலாம். பட்டறைக்கு அது தேவையில்லை.

தமிழில் எழுதுவதா, மலையாளத்திலா, ஆங்கிலத்திலா?

எங்களை நீண்ட நாள் அலைக்கழித்த கேள்வி இது. முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தோம். படித்தார்கள், ஆனால் ஒருவரும் திருத்தவில்லை. படிக்கத் தெரிந்த மொழி வேறு, பிழை சொல்லத் துணிவு வரும் மொழி வேறு என்பதை அப்போது கண்டேன். தமிழுக்கு மாறிய பிறகே திருத்தங்கள் வரத் தொடங்கின.

ஆனால் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. அவர்களுக்காக மலையாளப் பக்கங்களும் வேண்டியிருந்தது. இரண்டு மொழிகளிலும் எழுதும்போது ஒன்று மாறி மற்றது மாறாமல் நிற்பதுதான் ஆபத்து. ரிலே கதை மறுபடி நடக்கும். அதனால் எண்களை மொழியிலிருந்து பிரித்தோம். ஆம்பியர், கேபிள் அளவு, கிரீஸ் அளவு எல்லாம் தனி அட்டவணைப் பக்கங்களில் இருக்கின்றன. தமிழ்ப் பக்கமும் மலையாளப் பக்கமும் அந்த அட்டவணையை உள்ளே அழைத்துக் காட்டுகின்றன. எண்ணை ஓரிடத்தில் மாற்றினால் இரண்டு மொழிகளிலும் மாறிவிடும். மீடியாவிக்கியில் இதை வார்ப்புரு வழியாகச் செய்யலாம். டோக்குவிக்கியில் இதற்கு ஒரு செருகுநிரலை (பிளகின்) நிறுவ வேண்டும்.

அடுத்தது சொற்கள். பொள்ளாச்சிக்காரர் 'போர்' என்பார். சித்தூர்க்காரர் 'குழல்கிணறு' என்பார்; மலையாளத்தில் அதுதான் வழக்கு. அரசு அறிவிப்பில் 'ஆழ்துளைக் கிணறு' என்று இருக்கும். ஒருவர் 'கண்டன்சர்' என்பதை இன்னொருவர் 'கெப்பாசிட்டர்' என்பார். எது சரி என்று இரண்டு கூட்டங்களில் விவாதித்துக் களைத்தோம். விக்கியில் அந்த விவாதமே தேவையில்லை. ஒரு சொல்லைப் பக்கத் தலைப்பாக வையுங்கள். மற்ற சொற்கள் எல்லாவற்றுக்கும் வழிமாற்றுப் பக்கங்கள் போடுங்கள். குழல்கிணறு என்று தேடியவரும் போர் என்று தேடியவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். பக்கத்தின் முதல் வரியில் எல்லாப் பெயர்களையும் சொல்லிவிடுங்கள். ஒருவருடைய சொல்லை விக்கி ஏற்றுக்கொள்ளும்போது அவரையும் ஏற்றுக்கொள்கிறது.

புதுச்சொல் ஆக்குவதில் எனக்கு ஆசை உண்டு. கையேட்டில் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறேன். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அதன் பெயர் இம்பெல்லர்தான்.

தேடினால் கிடைப்பதில்லை. பக்கம் இருப்பது நிச்சயமாகத் தெரியும். ஏன்?

தமிழின் இயல்பு ஒரு காரணம். வால்வு என்ற சொல் வால்வை, வால்வில், வால்வின், வால்வுக்கு என்று உருமாறும்; பின்னால் வல்லினம் வந்தால் 'வால்வைத்' என்று ஒற்றும் சேரும். பல தேடுபொறிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை. 'வால்வு' என்று தேடினால் 'வால்வை' உள்ள பக்கம் தப்பிவிடும். எனவே முக்கியமான சொல்லை வேற்றுமை உருபு இல்லாமல் தலைப்பிலும் முதல் வரியிலும் ஒருமுறையாவது எழுதுங்கள். தேடுபவர்களுக்கும் ஒரு வழி உண்டு: சொல்லின் முன்பாதியை மட்டும் இட்டு, பின்னால் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. யூனிகோடில் 'ஔகார'க் குறியை ஒரே குறியாக இட வேண்டும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் அது ஒற்றைக்கொம்பும் 'ள' என்ற எழுத்துமாக வந்து உட்கார்ந்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'பவுடர்' என்பதைச் சிலர் 'பௌடர்' என்று எழுதுவார்கள். எங்கள் விக்கியில் அது மூன்று வடிவங்களில் கிடந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை மாற்றி ஏற்றும் நாளிலேயே இதைச் சரிபார்த்துவிடுங்கள். பிறகு தேடிப்பிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை.

எங்கள் மெக்கானிக்குகள் எழுத மாட்டார்கள். அவர்களை எப்படி எழுத வைப்பது?

எங்கள் விக்கியின் மிகச் சிறந்த திருத்தம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். வேலந்தாவளத்துக்காரர் ஒருவர், முப்பது ஆண்டுகள் மோட்டார் இறக்கிய கை. ஒருநாள் வந்து, "மோட்டாருக்குத் தண்ணீர் நிரப்பும் பக்கத்தில் ஒரு குறை இருக்கிறது அம்மணி" என்றார். "நீங்களே திருத்திவிடுங்கள் அண்ணா" என்றேன். "எனக்கு எழுத வராது" என்றார். "எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்" என்று அவருடைய பயனர் பெயரிலேயே நுழைந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.

நீர் நிரப்பும் வகை நீர்மூழ்கி மோட்டாரைப் போருக்குள் இறக்கும் முன் நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். 'நிரம்பி வழியும்வரை ஊற்றி மூடியைப் போடவும்' என்று நான் எழுதியிருந்தேன். அவர் சொன்னது: "வழிந்ததும் மூடக் கூடாது. லேசாகச் சாய்த்து அசைக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் காற்று குமிழியாக வரும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, இறங்கிய மட்டத்தை மறுபடி நிரப்ப வேண்டும்." நான்கு வாக்கியங்கள். உள்ளே காற்று தங்கினால் பேரிங்குக்கு உயவு கிடைக்காது என்பது பொறியாளருக்குத் தெரியும். அந்தக் காற்றை வெளியேற்றும் கைப்பக்குவம் அவருக்குத்தான் தெரியும். பக்கத்தின் வரலாற்றில் அந்த நாளும் அவர் பெயரும் இருக்கின்றன. அதைத் திரையில் காட்டியபோது சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இன்னொரு குறையைத் தொலைபேசியில் குரலால் தட்டச்சு செய்து, தானே சேர்த்திருந்தார். ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்துவது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எனவே என் பதில்: முழுப் பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு எண்ணையோ ஒரு வரியையோ திருத்தச் சொல்லுங்கள். பழகிப் பார்க்க ஒரு மணல்தொட்டிப் பக்கம் கொடுங்கள். எழுத்துப்பிழைக்காக யாரையும் பலர் முன் சுட்டாதீர்கள்.

பக்கங்களை எப்படிப் பிரிப்பது?

ஒரு பக்கம், ஒரு வேலை. தலைப்பை வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் வாக்கியமாகவே வையுங்கள். 'மும்முனை மோட்டாரின் சுழற்சித் திசைக் கோளாறுகள்' என்பதைவிட 'மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் குறைவாக வருகிறது' நல்ல தலைப்பு. அதன் கீழே முதல் வரி: லைன் வேலை நடந்த பிறகு இப்படி ஆனதா? ஆம் என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூன்று பேஸில் எவையேனும் இரண்டை மாற்றிப் போடவும். விளக்கம் அதற்குப் பின் வரட்டும்.

இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கும் இணைப்புக் கொடுத்துவிடுங்கள். அது சிவப்பாகத் தெரியும். சிவப்பைப் பார்த்தால் யாருக்காவது கை ஊறும்.

பேச்சுப் பக்கம் எதற்கு? நேரில் பேசிக்கொள்கிறோமே?

நேரில் பேசுங்கள். முடிவையும் அதன் காரணத்தையும் மட்டும் அங்கே இரண்டு வரி எழுதுங்கள். புதிதாக வருபவர் 'இதை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்' என்று மாற்றப் போகும்போது அந்த இரண்டு வரி அவரைத் தடுத்துச் சொல்லும்.

அச்சுக் கையேடு கேட்கிறார்கள். விக்கி மாறிக்கொண்டே இருக்கிறதே?

அச்சிடும் நாளில் பக்கத்தின் அந்தப் பதிப்புக்குரிய நிலையான இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கி மேலே மேலே மாறினாலும் அந்த இணைப்பு அன்றைய பக்கத்தையே காட்டும். அச்சுக் கையேட்டின் ஒவ்வொரு தாளிலும் தேதியை அச்சிட்டு, இன்றைய பக்கத்துக்குப் போகும் க்யூஆர் குறியையும் போடுங்கள். உத்தரவாதத் தகராறு வந்தால், வாங்கிய நாளில் கையேடு என்ன சொன்னது என்பதைக் காட்ட முடியும்.

இவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே எழுதிவிடலாமா?

கூடாது. அது கலைக்களஞ்சியம், செய்முறைக் கையேடுகளை ஏற்பதில்லை. நீர்மூழ்கிப் பம்பு என்றால் என்ன என்று அங்கே எழுதலாம், எழுத வேண்டும். 2003 முதல் வளர்ந்துவரும் அந்த இடத்தில் சில வாரங்கள் பங்களித்தால் விக்கி எழுத்தின் ஒழுங்கு கைக்கு வரும். பொதுவான பழுதுபார்க்கும் நூலை எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தோடு கொடுக்க விரும்பினால் விக்கிநூல்கள் இருக்கிறது.

ஐந்தாறு ஆண்டில் விக்கி குப்பைமேடு ஆகிவிடும் என்கிறார்களே?

பராமரிக்காவிட்டால் ஆகும். நான் பார்த்த பல விக்கிகள் அப்படிக் கைவிடப்பட்டவைதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரை மேலேயே போட்டிருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை அவர் பக்கத்தைப் படித்து 'பார்த்தேன்' என்று தேதி போட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் கடைசி வாரத்தில் தன் பக்கங்களை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பழைய மாதிரிகளின் பக்கங்களை மட்டும் அழிக்காதீர்கள். 'இந்த மாதிரி இப்போது தயாரிப்பில் இல்லை' என்று மேலே ஒரு பட்டை போட்டால் போதும். தொழிற்சாலையில் நிறுத்திவிட்டோம் என்பது கிணற்றுக்குள் கிடக்கும் மோட்டாருக்குத் தெரியாது. போன மாதம்கூட மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர், தன் தகப்பனார் வாங்கிய மோட்டாருக்கு எந்த அளவு பேரிங் என்று கேட்டார். பக்கம் இருந்தது. பக்கத்தின் எண்ணைப் படித்துச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.